நாய்க்குட்டி எடுக்கப் போகிறீர்களா? சாதியை விட்டுவிட்டுக் குட்டியைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் குட்டி தேடுகிற ஆள் கேட்கிற முதல் கேள்வி “என்ன சாதி?” என்பதுதான். அல்சேசன் என்றால் காவல், லாப்ரடோர் என்றால் சாது, ரொட்வைலர் நின்றால் படலைக்குள் ஒருத்தரும் கால் வைக்கமாட்டார்கள், ஊர்நாய் என்றால் சோறு போட்டதுதான் மிச்சம். இந்தக் கணக்கை நம்பிக் காசைக் கொட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் குணங்களை வளர்க்கிறவர்களிடமே கேட்டு, 2,155 நாய்களின் மரபணுத் தொகுதியையும் வாசித்து, 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தைக் கொண்டு விளக்கக்கூடியது சுமார் 9 சதவீதம் மட்டுமே. சொல் கேட்கிற குணத்தில் இனத்துக்கு இனம் ஓரளவு வித்தியாசம் இருந்தது. ஒரு நாய் லேசில் சீறுமா இல்லையா என்று ஊகிக்க இனம் கிட்டத்தட்ட உதவவே இல்லை.

அப்படியென்றால் பரம்பரையில் ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது, ஆனால் பரம்பரை வேறு, இனம் வேறு. 2021இல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில் 375 குட்டிகளை எட்டு வார வயதில் சோதித்தார்கள். எல்லாமே லாப்ரடோர், கோல்டன் ரிட்ரீவர், இல்லாவிட்டால் இரண்டின் கலப்பு. மனிதர் கை காட்டிய பக்கம் போவதிலும் முகத்தைப் பார்ப்பதிலும் குட்டிக்குக் குட்டி இருந்த வித்தியாசத்தில் 40 சதவீதத்துக்கு மேல் மரபணுவால் வந்தது. ஒரே சாதிக்குள்ளேயே இவ்வளவு.

ஆகவே முதலில் தாய் நாயைப் பாருங்கள். விற்கிறவர் குட்டியைச் சந்திக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம், வளவுக்கே போங்கள். புது ஆளைக் கண்டு குரைத்துவிட்டுப் பிறகு மணந்து பார்க்க வருகிற தாய் நல்லது. வாலை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நடுங்குகிற தாயின் குட்டி எவ்வளவு வடிவாக இருந்தாலும் யோசியுங்கள். தகப்பன் யார் என்பது பெரும்பாலும் அயலில் ஒருவருக்கும் தெரியாது, அதை விடுங்கள்.

அடுத்தது சிரட்டைச் சோதனை. எட்டு வாரக் குட்டி, இரண்டு சிரட்டை, கொஞ்சம் அவித்த சூடை மீன். இரண்டு சிரட்டையின் உட்புறத்திலும் மீனைத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூக்குத்தான் பாஸாகும். இரண்டையும் நாலடி இடைவெளியில் கவிழ்த்து, குட்டிக்குத் தெரியாமல் ஒன்றின் கீழ் துண்டு வையுங்கள். ஒருவர் குட்டியைச் சற்றுத் தள்ளிப் பிடித்திருக்க, நீங்கள் நடுவில் குந்தி, அதைக் கூப்பிட்டு, அது பார்க்கும்போது மீன் இருக்கிற பக்கம் கையை நீட்டி அப்படியே வைத்திருங்கள். பக்கத்தை மாற்றி மாற்றிப் பன்னிரண்டு தரம். ஆறு சரி என்றால் அதற்கு அர்த்தமில்லை, குருட்டுவாக்கிலும் ஆறு வரும். பத்துக்கு மேல் வந்தால் குட்டி உங்கள் கையை வாசிக்கிறது. பிறகு கை காட்டாமல் நாலைந்து தரம் விட்டுப் பாருங்கள். அப்போதும் சரியாகவே போனால் சோதனை பழுது, மணத்தைத்தான் பிடித்திருக்கிறது.

ஊர்நாய்க்கு இது வராது என்று சொல்லாதீர்கள். கொல்கத்தா பக்கத்து ஆய்வாளர்கள் யாருமே பழக்காத தெருநாய்களிடம் கை காட்டிப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி நாய்கள் கிட்ட வரவே இல்லை, அவை பயந்த நாய்கள். வந்தவற்றில் சுமார் 80 சதவீதம் காட்டிய பக்கமே போயின.

இன்னொன்று, வெறும் ஐஸ்கிறீம் பெட்டி போதும். உள்ளே மீனைப் போட்டு, மூடியை லேசாக வைத்து, இரண்டு தரம் தானே திறந்து தின்ன விடுங்கள். மூன்றாம் தரம் மூடியை இறுக்கி ஒட்டிவிட்டுப் பக்கத்தில் சும்மா நில்லுங்கள். 2003இல் வெளிவந்த ஹங்கேரி ஆய்வொன்றில் இதே மாதிரித் திறக்கவே முடியாத வேலையைக் கொடுத்தபோது, மனிதரிடம் வளர்ந்த ஓநாய்கள் தாங்களாகவே மல்லுக்கட்டின, நாய்களோ சீக்கிரமே திரும்பி மனிதரின் முகத்தைப் பார்த்தன. உடனே உங்களைப் பார்க்கிற குட்டியைப் பழக்குவது சுகம். கடைசிவரை பெட்டியைக் கடித்துக்கொண்டே இருக்கிற குட்டி மோசமில்லை, ஆனால் வேலியில் பொட்டு இருந்தால் இப்போதே அடையுங்கள்!

சரி, குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. உலகத்தோடு பழகுகிற காலம் மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம் அளவில் அடங்கிவிடும். இங்கே சிலர் ஒரு மாதக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, பிறகு மூன்று மாதம் கூட்டுக்குள் போட்டுவிட்டு, நாய் ஆட்களைக் கண்டால் கடிக்கிறது என்று முறைப்பாடு சொல்வார்கள். எட்டு வாரம் வரை தாயோடு விடுங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்காமல், கையில் தூக்கிக்கொண்டு ஓட்டோ, குடை பிடித்த ஆள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். முக்கியமாக வெடியும் தவிலும், ஏனென்றால் கோயில் திருவிழா தொடங்கினால் கட்டிலுக்குக் கீழே ஓடுகிற நாய்கள் இங்கே கணக்கில்லை. போனில் வெடிச்சத்தத்தை மிக மெல்லியதாகப் போட்டபடி சோறு வையுங்கள். நிம்மதியாகத் தின்றால் அடுத்த நாள் ஒரு படி கூட்டுங்கள், தட்டிலிருந்து தலையைத் தூக்கிக் காதை மடக்கினால் முந்தின நாள் அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.