இரும்பு மாத்திரையில் ஏறாத ரத்தம்: பி12 பக்கமும் பாருங்கள்

"ரத்தம் கம்மியா இருக்கு" என்றதும் வீட்டில் முருங்கைக்கீரையும் பேரீச்சையும் வந்துவிடும், கூடவே இரும்புச்சத்து மாத்திரையும். பெரும்பாலும் இரும்புதான் குறைந்திருக்கும் என்பதால் அது தப்பில்லை. ஆனால் குறை வைட்டமின் பி12-இல் என்றால் மாதக்கணக்கில் சாப்பிட்டாலும் பிரயோஜனமில்லை, கீரையிலும் பழத்திலும் பி12 கிடையாது.

சிபிசி (ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து மூடிவைக்காமல், கொஞ்சம் கீழே எம்சிவி என்றிருக்கும் வரியைப் பாருங்கள். சிவப்பணுவின் சராசரி அளவு அது. 80-க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவை முதலில் யோசிக்கலாம், 100-ஐத் தாண்டினால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவை (மதுவும் தைராய்டும்கூட இப்படிக் காட்டும்). இரும்பும் பி12-உம் சேர்ந்தே குறைந்திருந்தால் எம்சிவி நார்மலாகவே வரும், அதனால் உடம்பையும் கவனியுங்கள்: பாதம் மதமதப்பு, நாக்கு வழவழவென்று சிவந்து எரிவது, விரல் மூட்டுகளின் மேல்தோல் கறுப்பது, மறதி. முட்டையோ பாலோ அதிகம் சேர்க்காத சைவர்கள், வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) அல்லது பான்டோபிரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை) எடுப்பவர்கள், இரைப்பை ஆபரேஷன் ஆனவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

சரி, டெஸ்ட். ஊசியோ சத்து மாத்திரையோ ஆரம்பிப்பதற்கு முன்பே பி12 டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுங்கள், பிறகு கொடுத்தால் அளவு ஏறித்தான் தெரியும். பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே குறைவுதான், 200 முதல் 300 வரை இரண்டுங்கெட்டான் நிலை, அப்போது ஹோமோசிஸ்டைனும் (பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு பொருள்) பார்க்கச் சொல்வார்கள்.

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்குவது. ரத்தம் ஏறிவிடும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்போம், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

சிகிச்சை பெரும்பாலும் 1000 மைக்ரோகிராம் ஊசிதான், முதலில் அடுத்தடுத்து, அப்புறம் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று மருத்துவர் இடைவெளியைக் கூட்டுவார். மதமதப்பு, நடையில் தள்ளாட்டம் இருந்தால் ஊசியில்தான் தொடங்க வேண்டும். மற்றவர்களுக்கு தினம் 1000 முதல் 2000 மைக்ரோகிராம் மாத்திரையே போதலாம், உறிஞ்சும் சக்தி போன குடலிலும் அதில் ஏறக்குறைய 1 சதவீதம் தானாக உள்ளே போய்விடும். ஹீமோகுளோபின் இரண்டு மாதத்தில் தேறிவிடும், நரம்புக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். தெம்பு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், இரைப்பை ஆபரேஷன் மாதிரி நிரந்தரக் காரணம் என்றால் ஆயுள் முழுக்கத் தேவைப்படும்.

வீட்டில் அப்பாவோ அம்மாவோ பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிட்டால், அடுத்த முறை சர்க்கரை டெஸ்ட்டுக்குப் போகும்போது பி12-ஐயும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.