பழைய தேவாலயத்தில் நாடகம் போட வேண்டுமா? முதலில் கை தட்டிப் பாருங்கள்

கிழக்கு லண்டனில், ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதியில், 'தி ஸ்பேஸ்' என்று ஒரு சின்ன நாடக அரங்கு இருக்கிறது. பக்கத்துக் கப்பல் பட்டறைகளில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக 1859இல் கட்டிய பிரெஸ்பிட்டேரியன் (ஸ்காட்லாந்தில் பரவலான புராட்டஸ்டன்ட் பிரிவு) தேவாலயம் அது. 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலைக் கட்டிய ஜான் ஸ்காட் ரஸ்ஸல்தான் அடிக்கல் நாட்டினார். 1972இல் வழிபாடு நின்றது, அப்புறம் ஓர் அறக்கட்டளை அதை மீட்டு 1996இல் அரங்காகத் திறந்தது. இங்கிலாந்தில் உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கட்டடம் பூட்டிக் கிடந்து, நாலு பேர் நாடக ஆசையோடு இருந்தால், எங்கே தொடங்குவது என்று சொல்கிறேன்.

சாவி கிடைத்ததும் நடு ஹாலில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். ஓசை அடங்க மூன்று விநாடி ஆகிறதா? பாட்டுக்கு அது அழகு, ஆனால் வசனத்துக்கு விஷம். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் ஏறிக்கொள்ளும், மூன்றாம் வரிசைக்கே ஒன்றும் புரியாது. வசனம் தெளிவாகக் கேட்க ஒரு விநாடி அளவுக்கு இறக்க வேண்டும். கணக்கு எளிது, சாபைன் சூத்திரம்: ஹாலின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் ஓசை அடங்க ஆகும் விநாடி கிடைக்கும். 20 மீட்டர் நீளம், 10 அகலம், 9 உயரம் என்றால் 1,800 கன மீட்டர். மூன்று விநாடி ஒலிக்கிறது என்றால் இப்போது உறிஞ்சுவது சுமார் 97 சதுர மீட்டர், உங்களுக்கு வேண்டியது 290. மக்கள் 120 பேர் வந்து உட்கார்ந்தாலே ஏறக்குறைய 50 சேர்ந்துவிடும். மீதிக்கு மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான கம்பளித் திரைதான் வழி, ஆனால் துணி தன்மேல் படும் ஒலி முழுவதையும் உறிஞ்சாது, அதனால் 200 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். கையில் இருக்கும் பணத்தை விளக்குக்குப் போடுவதற்கு முன் இதற்குப் போடுங்கள். மங்கலான வெளிச்சத்தில்கூட நல்ல நாடகம் பார்த்துவிடலாம், காதில் விழாத நாடகத்தை யார் பார்ப்பார்கள்?

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பட்டியலில் இருந்தால், அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் முன் ஒப்புதல் வேண்டும். இல்லாமல் செய்வது குற்றம். வழிபாட்டு இடத்தை நாடக அரங்காக்க, பயன்பாட்டு மாற்ற அனுமதி தனி. கூரையில் வௌவால் இருந்தால் சிறப்பு உரிமம் இல்லாமல் அதன் இருப்பிடத்தைத் தொடவே கூடாது, அதற்கும் சட்டம் இருக்கிறது. ஒரு நல்ல செய்தியும் உண்டு: காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்கு மிகாத கூட்டத்துக்கு நாடகம் போட 2013இலிருந்து உரிமம் தேவையில்லை. மது விற்றால்தான் வேண்டும்.

இனி கட்டட வேலை. எதைச் செய்தாலும் நாளைக்குக் கழற்றி எடுக்கும்படி செய்யுங்கள், இதில் எனக்குச் சமரசமே கிடையாது. பழைய மர உத்தரங்கள் கூரையைத் தாங்க மட்டும் போட்டவை. பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் அதில் ஒரு விளக்குகூடத் தொங்கவிடாதீர்கள். தரையில் கால் ஊன்றி நிற்கும் சட்டம் அமைத்து அதில் மாட்டுவது நிம்மதி. எல்இடி விளக்கு என்றால் பழைய மின்கம்பிக்கும் பாரம் குறையும். சுவர் விரிசலுக்குச் சிமென்ட் பூசாதீர்கள். சுண்ணாம்புச் சாந்தில் எழும்பிய சுவர் மூச்சு விட வேண்டும், சிமென்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும், கல் உதிரத் தொடங்கும். கழிவறைக் குழாய்க்கு வெளியே பள்ளம் தோண்டும்போது கவனம், பழைய தேவாலயத்தைச் சுற்றி மண்ணுக்குள் கல்லறைகள் இருக்கலாம்.

பெஞ்சுகளை அவசரப்பட்டு விற்காதீர்கள். சமதளத்தில் பின்வரிசைக்கு மேடை தெரியாது, அதனால் மடித்து வைக்கும் படிக்கட்டு இருக்கைதான் கடைசியில் தேவைப்படும், ஆனாலும் ஒரு பத்துப் பெஞ்சையாவது முன்கூடத்தில் வைத்திருங்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து திருமணம் பார்த்தவர்கள், பெற்றோருக்கு விடை கொடுத்தவர்கள் இன்னும் அந்தத் தெருவில் இருப்பார்கள். சுவரில் உள்ள நினைவுக் கற்களையும் திரையால் நிரந்தரமாக மூடிவிடாதீர்கள். வேலை தொடங்கும் முன்பே அந்தத் தெருக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். முதலில் உதவிக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் அவர்களாகவே இருப்பார்கள்.

வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்கு, கண்ணாடியைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி நிற்கும் கறுப்புத் துணிச் சட்டம் போதும். ஜூனில் லண்டனில் இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், துணி இல்லாமல் இருட்டுக் காட்சியே கிடையாது. ஜனவரியிலோ அந்த உயரக் கூரையின் கீழ் சூடேற்றும் செலவு டிக்கெட் பணத்தைத் தின்றுவிடும். அதனால் முதல் நாடகத்தைச் செப்டம்பர் கடைசியில் வையுங்கள்: ஏழரை மணிக்கு ஆரம்பித்தால் வெளியே இருட்டியிருக்கும், குளிரும் இன்னும் தொடங்கியிருக்காது.