நான்சி ட்ரூ வாங்குமுன்: பழைய உரையா, திருத்திய உரையா?

'தி மிஸ்டரி அட் லைலாக் இன்' என்ற தலைப்பில், நான்சி ட்ரூ என்ற துப்பறியும் பெண்ணைப் பற்றிய அமெரிக்கச் சிறுவர் நாவல் வரிசையின் நான்காம் எண்ணோடும் கரோலின் கீன் என்ற ஒரே ஆசிரியர் பெயரோடும் இரண்டு நாவல்கள் இருக்கின்றன. 1930-இல் வந்த நாவலில், எமிலி கிராண்டல் என்ற பெண்ணுக்குச் சேரவேண்டிய பரம்பரை நகைகள், விடுதியில் மதிய உணவு உண்ணும் வேளையில் கைப்பையோடு களவுபோகின்றன. 1961-இல் அதே தலைப்பில் வந்த நாவலில், நான்சி தன் தோழி ஹெலனோடு சிறு படகில் விடுதிக்கு வருகிறாள். நான்சியைப் போலவே தோற்றமுள்ள ஒருத்தி அவள் பெயரைச் சொல்லிக் கடைகளில் பொருள் வாங்கித் திரிகிறாள். நகை திருடுபோவதையும் விடுதியின் பெயரையும் விட்டால், இரண்டுக்கும் பொதுவாகச் சொல்ல அதிகமில்லை. ஆகவே ஒருவர் லைலாக் இன் பிடித்திருந்தது என்றும் இன்னொருவர் பிடிக்கவில்லை என்றும் சொன்னால், இருவரும் ஒரே புத்தகத்தைத்தான் படித்தார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். நான்சி ட்ரூ வாசகர்களிடையே நடக்கும் வாக்குவாதங்களில் பாதி, இந்த விசாரணை நடக்காததால் வருபவை.

இரட்டை உரை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். அமெரிக்காவில் சிறுவர் தொடர்கதைகளைப் பட்டறை முறையில் தயாரித்துவந்த எட்வர்ட் ஸ்ட்ராட்மேயர், கதைச் சுருக்கத்தை எழுதிக் கொடுத்து, முழு நாவலை வேறொருவரைக் கொண்டு எழுதுவித்து, கற்பனையான ஓர் ஆசிரியர் பெயரில் வெளியிடுவார். கரோலின் கீன் அப்படிப் பிறந்த பெயர். முதல் மூன்று நூல்கள் 1930 ஏப்ரலில் கிராசெட் அண்ட் டன்லப் வெளியீடாக ஒன்றாக வந்தன. அடுத்த மாதமே ஸ்ட்ராட்மேயர் இறந்துவிட, நிறுவனம் அவருடைய மகள்களின் கைக்கு வந்தது. முதல் 30 நூல்களில் 23 நூல்களை எழுதியவர் மில்ட்ரெட் வர்ட், பின்னாளில் மில்ட்ரெட் பென்சன் என்று அறியப்பட்டவர். தொடக்க நூல்களுக்கு ஒரு நூலுக்கு 125 டாலர் வாங்கிக்கொண்டு உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்ட இவருடைய பெயர், 1980-இல் பதிப்பாளர்களுக்கிடையே நடந்த வழக்கில் அவர் சாட்சி சொன்ன பிறகுதான் பரவலாகத் தெரியவந்தது. 1959-இல் தொடங்கி 1977 வரை, ஸ்ட்ராட்மேயரின் மகள் ஹாரியட் ஆடம்ஸின் மேற்பார்வையில் முதல் 34 நூல்களும் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன அல்லது முற்றிலும் மாற்றி எழுதப்பட்டன. எந்த உரை என்ற கேள்வி இந்த 34 நூல்களுக்கு மட்டுமே உரியது. 35-ஆம் நூலான 'தி ஹான்டட் ஷோபோட்' முதல் 56-ஆம் நூல் வரை, எந்தப் பிரதியை எடுத்தாலும் ஒரே உரைதான்.

கையில் இருக்கும் பிரதி எந்த உரையைக் கொண்டது என்று கண்டுபிடிக்க, முதலில் பொருளடக்கத்தைத் திறந்து அத்தியாயங்களை எண்ணுங்கள். 25 அத்தியாயங்கள் என்றால் பழைய உரை. 20 என்றால் திருத்திய உரை. பழைய உரை ஏறக்குறைய 210 பக்கங்களும் திருத்தியது ஏறக்குறைய 180 பக்கங்களும் வரும். அடுத்து, காப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். முதல் ஆண்டோடு 1959 அல்லது அதற்குப் பிந்திய இன்னோர் ஆண்டும் அச்சாகியிருந்தால் அது திருத்திய உரை. அந்த ஆண்டை அச்சடித்த ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காப்புரிமைப் பக்கம் 1930 என்று மட்டும் சொல்லும் ஒரு பிரதியில், தொடரின் தலைப்புகளைச் சொல்லும் விளம்பரப் பட்டியல் 'தி ஹான்டட் ஷோபோட்' வரை நீண்டிருந்தால், அந்தத் தலைப்பு வெளிவந்த 1957-க்கு முன் அந்தப் பிரதி அச்சாகியிருக்க வழியில்லை. ஆனால் உள்ளே இருப்பது 1930-இன் உரையே. சேகரிப்பவர்கள் அச்சான காலத்தை இப்படித்தான், பட்டியலின் கடைசித் தலைப்பைக் கொண்டு கணிக்கிறார்கள்.

அட்டையை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். 1962 முதல் மேலுறை நீக்கப்பட்டு, அட்டையிலேயே படம் அச்சிடப்பட்டு, மஞ்சள் முதுகோடு நூல்கள் வரத் தொடங்கின. மஞ்சள் முதுகு என்றால் திருத்திய உரை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் 'தி சீக்ரெட் இன் தி ஓல்ட் ஆட்டிக்' 1970-இலும் 'தி க்ளூ இன் தி ஓல்ட் ஆல்பம்' 1977-இலும்தான் திருத்தப்பட்டன என்பதால், அதற்கு முன் அச்சான மஞ்சள் முதுகுப் பிரதிகளில் பழைய உரையே இருக்கிறது. நேர்மாறாக, 1959-க்கும் 1961-க்கும் இடையில் மேலுறையோடு வந்து பழமையாகத் தோன்றும் சில பிரதிகளில் திருத்திய உரை இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள நான் பணம் கொடுத்தேன். மேலுறை இருக்கிறது, ஆகவே பழைய உரை என்று உறுதி கூறிய ஒரு விற்பனையாளரிடமிருந்து 'தி ஹிடன் ஸ்டேர்கேஸ்' தருவித்தேன். பொட்டலத்தைப் பிரித்து அத்தியாயங்களை எண்ணியபோது இருபதோடு நின்றுவிட்டது. இப்போது பொருளடக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்காமல் காசு அனுப்புவதில்லை. விற்பனைக் குறிப்புகளில் ஓ.டி. என்றிருந்தால் பழைய மூல உரை, ஆர்.டி. என்றிருந்தால் திருத்திய உரை, பி.சி. என்றிருந்தால் அட்டையிலேயே படம் அச்சிட்ட பதிப்பு என்று கொள்ளலாம், இவற்றில் பி.சி. உரையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதை மறக்கவேண்டாம். சில இடங்களில் தலைப்பே துப்புக் கொடுத்துவிடும்: 1931-இல் வந்த ஐந்தாம் நூல் 'தி சீக்ரெட் அட் ஷேடோ ராஞ்ச்', 1965-இன் திருத்திய நூல் 'தி சீக்ரெட் ஆஃப் ஷேடோ ராஞ்ச்'.

உரையைத் தெரிந்துகொண்டாயிற்று, இனி எதைப் படிப்பது என்பது. முதல் நூலான 'தி சீக்ரெட் ஆஃப் தி ஓல்ட் கிளாக்' எப்படித் தொடங்குகிறது என்று இரண்டிலும் பார்த்தால், வாசகர்கள் ஏன் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள் என்பது புரியும். 1930-இன் நான்சி வீட்டில் தன் தந்தையோடு பேசிக்கொண்டிருக்கிறாள். ஜோசையா கிராலி என்ற முதியவரின் சொத்து முழுவதும் டாப்ஹம் குடும்பத்தாரிடம் போய்ச் சேருவது அவளுக்குப் பொறுக்கவில்லை. வழக்கறிஞரான தந்தை நிதானமாகக் கேட்கிறார், அவள் கொதிக்கிறாள். முதல் பக்கத்திலேயே ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் நியாய உணர்ச்சியும், அவள் சொல்லைத் தட்டாமல் கேட்கும் ஒரு தகப்பனும் நமக்குத் தெரிந்துவிடுகிறார்கள். 1959-இன் நான்சி கருநீலத் திறந்த காரை ஓட்டிக்கொண்டு வருகிறாள். வேகமாக வந்த ஒரு வண்டியிலிருந்து தப்பப் பார்த்த ஒரு சிறுமி பாலத்திலிருந்து விழுகிறாள். நான்சி ஓடிப்போய் அவளைத் தூக்குகிறாள். முன்னது ஒரு மனநிலையில் தொடங்குகிறது, பின்னது ஒரு விபத்தில். திருத்திய உரைகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன: அத்தியாயந்தோறும் ஏதேனும் ஒன்று இடிகிறது, கவிழ்கிறது, துரத்துகிறது. எட்டு வயதில் படிக்கும்போது இந்த ஓட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். நாற்பது வயதில் திரும்பப் படிக்கும்போது சற்றே மூச்சு வாங்குகிறது.

ஆள் மாறியிருப்பதையும் கவனிக்கவேண்டும். பழைய நான்சிக்கு வயது 16, பொன்னிறக் கூந்தல். புதியவளுக்கு 18, கூந்தலில் செம்மை ஏறியிருக்கிறது. பழைய கதையில் அவள் தாய் இறந்தபோது அவளுக்குப் பத்து வயது, புதியதில் மூன்று வயது. வேலைக்காரியாக இருந்த ஹானா க்ரூயன் திருத்திய நூல்களில் ஏறக்குறைய வளர்ப்புத் தாயாகிவிடுவதற்கு இது வசதி செய்துகொடுத்திருக்கிறது. இவற்றைவிடப் பெரிய மாற்றம் குணத்தில் நிகழ்ந்தது. பழையவள் பெரியவர்களை எதிர்த்துப் பேசுவாள், போலீசாரின் மந்தத்தைக் கண்டு சலித்துக்கொள்வாள். 1930-இன் 'தி ஹிடன் ஸ்டேர்கேஸ்' நாவலில் தந்தை கொடுத்த கைத்துப்பாக்கியோடு பேய்வீட்டுக்குப் போவாள். திருத்தியவர்கள் அவளுக்கு மரியாதை கற்பித்துவிட்டார்கள். பழைய உரையின் பக்தர்கள் முதலில் வருந்துவது இதற்காகத்தான், என் கட்சியும் அதுவே.

ஆனால் இந்தக் கட்சியில் சேருகிறவர்கள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகக் கூடாது. பழைய உரைகளில் கறுப்பினத்தவரும் பிற இனத்தவரும் வரும் இடங்கள் பல, இன்று படிக்கக் கூசுபவை. முதல் நூலில் டாப்ஹம் குடும்பத்தின் ஏரிக்கரை வீட்டைக் காவல் காக்கும் ஜெஃப் டக்கர், குடித்துவிட்டுக் கொச்சை ஆங்கிலம் பேசும் கேலிப் பாத்திரமாக வரையப்பட்ட கறுப்பர். 1930-இன் லைலாக் இன்னில், ஹானா ஊரில் இல்லாத நாட்களுக்கு வேலைக்காரி தேடும் நான்சி, வருகிறவர்களை அவர்களுடைய இனத்தைக் கொண்டே தள்ளிவிடுகிறாள். திருத்தத்துக்கான காரணங்களில் இந்தப் பகுதிகளைப் பற்றி எழுந்த புகார்களும் உண்டு. திருத்தியவர்கள் அந்த மனிதர்களுக்குக் கண்ணியமான இடம் கொடுத்திருக்கலாம்; பெரும்பாலான இடங்களில் அவர்களை வெள்ளையராக்கினார்கள் அல்லது கதையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஜெஃப் டக்கர் திருத்திய நூலில் வெள்ளையர். நான்சியின் ஊரான ரிவர் ஹைட்ஸ் நகரம் சுத்தமாயிற்று, கூடவே வெளிறியும் போயிற்று. ஆகவே குழந்தைக்குத் தனியாகப் படிக்கக் கொடுப்பதானால் திருத்திய உரையையே கொடுங்கள். பழைய உரையைக் கொடுக்க விரும்பினால் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடங்கள் வரும்போது நிறுத்திப் பேசுங்கள்.

பெரியவர்கள், முக்கியமாகச் சிறுவயதில் மஞ்சள் முதுகு நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள், பழைய உரைக்குள் நுழைய 'தி ஹிடன் ஸ்டேர்கேஸ்' நல்ல வாசல். தோழிகளான பெஸ், ஜார்ஜ், காதலன் நெட் நிக்கர்சன் ஆகியோர் இல்லாமல் நான்சி தனியாக இயங்கும் கதை அது. பெஸ்ஸும் ஜார்ஜும் ஐந்தாம் நூலில்தான் வருகிறார்கள், நெட் ஏழாம் நூலில். அதன்பின் லைலாக் இன்னின் இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படியுங்கள், பழையதை முதலில். திருத்தியதை முதலில் படித்தால் பழையது மெதுவாகப் போவதாகத் தோன்றி, பாதியில் வைத்துவிடும் ஆபத்து உண்டு. ரஸ்ஸல் டேண்டி வரைந்த, தொப்பியும் குதியுயர்ந்த காலணியும் அணிந்த நான்சியைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே பழைய பிரதிகளைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள், அதில் தவறில்லை.

பிற்காலத் தொடர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1979-இல் பதிப்பாளர் மாறி, சைமன் அண்ட் ஷூஸ்டர் வெளியீடாக 57 முதல் 175 வரை சிறு பேப்பர்பேக்குகள் வந்தன. இரவுப் பயணத்துக்குப் பொருத்தமானவை. 1986 முதல் 1997 வரை வந்த 'நான்சி ட்ரூ ஃபைல்ஸ்' தொடரின் 124 நூல்களில் கொலையும் காதலும் நிறைய; நம் ஊர் வாடகை நூலகங்களில் அவற்றைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அதுவே அசல் நான்சி, அவர்களோடு நான் வாதிடுவதில்லை. 2004-இல் தொடங்கிய 'கேர்ள் டிடெக்டிவ்' தொடரிலும் 2013-இல் தொடங்கிய 'டைரீஸ்' தொடரிலும் நான்சியே தன் கதையைச் சொல்கிறாள். இன்றைய பத்து வயதுக்காரர்களுக்கு இவை எளிது. பழைய நூல்களின் வாசகருக்கு அந்தக் குரல் பழக நாளாகும்.

வாங்கும் வழியைப் பொறுத்தவரை, கடைகளில் இன்று புதிதாகக் கிடைக்கும் மஞ்சள் முதுகு நூல்கள் முதல் 34 தலைப்புகளுக்குத் திருத்திய உரையையே கொண்டவை. பழைய உரை வேண்டுமென்றால் ஆப்பிள்வுட் புக்ஸ் 1991 முதல் வெளியிட்ட நகல் பதிப்புகளைத் தேடலாம். அவற்றில் பழைய படங்களும் உண்டு. பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் ஆர்மடா என்ற பிரிட்டிஷ் பேப்பர்பேக்குகளின் எண் வரிசை அமெரிக்க வரிசையோடு ஒத்துப்போகாது என்பதால், அவற்றை எண்ணைப் பார்த்து வாங்காமல் தலைப்பைப் பார்த்து வாங்குங்கள். 1930-இல் வந்த முதல் நான்கு நூல்களின் பழைய உரை 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுவுடைமையாகிவிட்டதால், யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கும் மலிவுப் பதிப்புகள் இனிப் பெருகும். அவற்றிலும் பொருளடக்கத்தைத் திறந்து 25 வரை எண்ணிவிட்டே பணத்தை எடுங்கள்.