குன்னூர் மலைப்பாதையில் சைக்கிள்: ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிறு விடிகாலை மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நான்கு பையன்கள் குன்னூருக்குக் கிளம்பினார்கள். சைக்கிள், ஹெல்மெட், விளக்கு எல்லாம் சரியாக இருந்தன. கடைசி நேரத்தில் ஒருவன் மழைக்கோட்டை எடுத்துக் காருக்குள் போட்டான். "வேர்த்து ஊத்தப் போகுது, இது எதுக்கு வீண் சுமை?" ஏழு வருஷத்துக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தை. பஞ்சர் ஒட்டவும் தண்ணீர் எடுத்துப்போகவும் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் எழுத உட்கார்ந்தது இந்த மழைக்கோட்டுக்காக.

ஏற்றத்துக்கு மட்டும் உடுத்துவது

மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரம். குன்னூர் 1,800-க்கும் மேல். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குறையும். கீழே 30 என்றால் மேலே 21 தான். ஏறும்போது இது உறைக்காது, உடம்பே அடுப்பு மாதிரி இருக்கும். இறக்கத்தில் மிதிக்க வேலை இல்லை. அடுப்பு அணைந்துவிடும், வியர்வையில் நனைந்த சட்டைமேல் காற்று அடிக்கும். அதோடு மழையும் சேர்ந்தால்?

ஏழு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் எனக்குச் சேர்ந்தது. குன்னூரில் தூறல் வலுத்தது. கீழே வெயில்தானே என்று இறங்கிவிட்டேன். சில வளைவுகளுக்குள் விரல்கள் மரத்துப்போய், பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறேன் என்பதே தெரியவில்லை. என்னுடையது ரிம் பிரேக், சக்கரத்தின் விளிம்பை ரப்பர் கட்டை இறுக்கிப் பிடிக்கும் வகை. நனைந்த சக்கரத்தில் கட்டை முதலில் தண்ணீரை வழிக்கும், அதன் பிறகுதான் பிடிக்கும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ். ஒதுங்கித் தடுப்புச் சுவரில் மோதியதில் காலர் எலும்பில் விரிசல் விழுந்தது.

பர்லியார் டீக்கடை வரை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போனேன். "ஏஞ்சாமி, கையெல்லாம் வெளுத்துக் கெடக்குது, மொதல்ல டம்ளரப் புடி" என்றார் கடைக்கார அக்கா. பிடிக்க முடியவில்லை. அவரே ஆற்றி வாயருகே பிடித்தார். பழைய செய்தித்தாளை மடித்து என் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்தார். பத்து நிமிஷத்தில் நடுக்கம் அடங்கியது. ஆறு வாரம் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

இருநூறு கிராம் கோட்டு அது. சைக்கிளில் ஐம்பது கிராம் குறைக்க ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் அதைக் காரில் விட்டுப் போவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கோட்டும் விரல் மூடிய கையுறையும் பையில் இருக்கட்டும். குளிரத் தொடங்கிய பின் போட்டால் பிந்திவிட்டது. உச்சியில் உடம்பு சூடாக இருக்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள். உள்சட்டையை மாற்ற ஒரு நிமிஷம் ஒதுக்கினால் இன்னும் நல்லது.

கோவை வானிலையை நம்பி ஏறுவது

அது கோவைக்கு. மலைக்குத் தனியாகப் பாருங்கள்.

மழை விட்டதும் பாய்வது

2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் எத்தனை உயிர் போயின என்பதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்கவில்லை. மழை நின்ற பிறகும் மண் ஊறித்தான் இருக்கும், கல் உருளும். சாலையில் புதுச் செம்மண் வழிந்திருந்தால் மேற்கொண்டு போகாதீர்கள்.

சாலையின் வெள்ளைக் கோட்டின்மேல் பிரேக் பிடிப்பது

ஈரத்தில் வழுக்கும். வேண்டாம்.

வண்டியில் ஏற வெட்கப்படுவது

கை மரத்துவிட்டால் சைக்கிளில் மலை இறங்காதீர்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஊட்டி காய்கறி வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும், கை காட்டுங்கள். கேரட் மூட்டைகள்மேல் சைக்கிளைப் படுக்கவைத்து நான் இரண்டு முறை கீழே வந்திருக்கிறேன். இரண்டு முறையும் டிரைவர் அண்ணன்கள் காசு வாங்கவில்லை.