அழகான படம் ஏன் மறந்துபோகிறது?

சுவரொட்டிக்கோ பாடத்துக்கோ படம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது அழகு. மலை, அந்தி வானம், பனிமூட்டம். பார்க்கும்போது மனம் நிறையும்; மறுநாள் நாலு மலைப்படங்களைக் காட்டி 'நேற்றுப் பார்த்தது எது?' என்று கேட்டால் தடுமாறுவோம்.

2011இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2,222 படங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒவ்வொரு படமும் ஒரு நொடிதான் தெரியும். முன்பு வந்த படம் மறுபடி வந்தால் விசையை அழுத்த வேண்டும். பங்கேற்றவர்களை இரு பாதியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒரு பாதியினர் மறக்காத படங்களைப் பெரும்பாலும் மறுபாதியினரும் மறக்கவில்லை. மனிதர்கள் இருந்த படங்கள் முன்னே நின்றன, ஆளில்லாத இயற்கைக் காட்சிகள் பின்தங்கின. அழகு கைகொடுக்கவில்லை.

ஒரு காரணம், ஒரே வகைப் படங்கள் நினைவில் ஒன்றோடொன்று குழம்புகின்றன. தேயிலைச் சரிவுதான் வேண்டுமென்றால் ஆளோடு, கிட்டத்தில் எடுங்கள். கொழுந்து பறிக்கும் கையை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். பறித்ததை எடைபோடும் இடத்துக்குப் போங்கள்.

நிறத்தைக் கூட்டுவது அடுத்த தவறு. அந்த ஆய்விலேயே நிறம், வெளிச்சம் போன்ற எளிய கூறுகளுக்கும் நினைவுக்கும் தொடர்பு மிகக் குறைவாகவே இருந்தது. படத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

விசித்திரப் படங்களை வரிசையாக அடுக்குவதும் பலன் தராது. சாதாரணப் படங்களுக்கு நடுவே ஒன்று மாறி நின்றால்தான் அது தனித்துத் தெரியும். பத்துப் படத்துக்கு ஒன்று போதும் என்பது எங்கள் கணக்கு.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, 'எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் நிற்கும்' என்று முடிவு செய்வது. எது நினைவில் நிற்கும் என்று ஊகிக்கச் சொன்னால் மக்கள் மோசமாகவே ஊகிக்கிறார்கள். ஊகிக்காமல் சோதியுங்கள். உங்கள் ஐந்து படங்களோடு அதே வகையில் இருபத்தைந்து படங்களைக் கலந்து, ஒவ்வொன்றையும் ஒரு நொடி காட்டுங்கள்; இடையே ஒன்றரை நொடி வெற்றுத் திரை. கால் மணி நேரம் கழித்து உங்கள் ஐந்தையும் புதிய ஐந்தையும் கலந்து காட்டி, 'பார்த்தேன், பார்க்கவில்லை' என்று எழுதச் சொல்லுங்கள். பத்துப் பேராவது வேண்டும். பார்க்காததைப் 'பார்த்தேன்' என்றவர்களையும் எண்ணுங்கள். அதை விட்டுவிட்டால், எதற்கும் தலையாட்டுபவர் உங்கள் கணக்கையே கெடுத்துவிடுவார்.