35-ஐத் தாண்டி முதல் குழந்தை: அம்மாவின் ராத்தூக்கத்துக்கு வழி

மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்பதை விட, முழிக்காமல் எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்பதைப் பாருங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. நடுவில் 8 முதல் 12 தடவை பால் கேட்கும். ராத்திரி பகல் பழக அதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை அம்மாவுக்குச் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரமாவது கிடைக்க வேண்டும்.

இந்த வயதில் பிரசவம் என்றால் பாட்டிக்கே 65, 70 இருக்கும். அவரை ராத்திரியில் எழுப்பாதீர்கள். இது கணவரின் வேலை. 9 மணிக்குப் பால் கொடுத்ததும் அம்மா படுத்துவிட வேண்டும். 1 மணி வரை குழந்தை கணவர் பொறுப்பு. முதல் மூன்று நாலு வாரம் குழந்தை அழுதால் தூக்கிவந்து பக்கத்தில் விடட்டும்; அம்மா ஒருக்களித்துப் படுத்தபடியே பால் கொடுக்கலாம். ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது எல்லாம் அவர்தான். சோபாவில் உட்கார்ந்து பால் கொடுக்க வேண்டாம், கண் அசந்தால் குழந்தைக்கு ஆபத்து.

பால் நன்றாகச் சுரக்க ஆரம்பித்த பிறகு, மாலையிலேயே 60 முதல் 90 மில்லி பீய்ச்சி வைத்தால் கணவர் பாலாடையில் புகட்டலாம். 25 டிகிரி அறையில் தாய்ப்பால் நாலு மணி நேரம் தாங்கும் என்பார்கள். புதுச்சேரி, கடலூர் வெயிலில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். பீய்ச்சியதும் ஃபிரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், கதவில் வேண்டாம். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துத்தான் சூடாக்க வேண்டும், அடுப்பில் கூடாது. நடுவில் மார்பு கனத்து வலித்தால் எழுந்து கொஞ்சம் பீய்ச்சிவிடுங்கள்; பால் கட்டிக்கொண்டால் காய்ச்சலே வரும்.

கணவருக்கு நெய்வேலியிலோ சிப்காட்டிலோ நைட் ஷிஃப்டா? அப்படியானால் காலை 7 முதல் 11 வரை பாட்டி பார்த்துக்கொள்ள, அம்மா தூங்கட்டும். பகலில் தூங்கினால் நீர் கோத்துக்கும் என்று தடுப்பார்கள். தலைக்கு ஊற்றிய நாளில் முடி காய்ந்ததும் படுங்கள், போதும்.

சிசேரியன் ஆனவர்கள் படுக்கையிலிருந்து நேராக எழக்கூடாது. ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுந்தால் தையல் இழுக்காது.

“வயசாயிடுச்சு, அதான் அசதி” என்று விடுவதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. ரத்தசோகையும் தைராய்டும் இதே அசதியைத்தான் தரும். ஆறாவது வாரம் டாக்டரிடம் போகும்போது ஹீமோகுளோபினும், தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை 180 நாளும் விடாமல் போடுங்கள். காபி, டீ, பாலோடு வேண்டாம், உடம்பில் சேராது.

குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல், இரண்டு வாரமாக மனசும் சரியில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணமில்லை. தாங்க முடியாத தலைவலியோ கண் மங்கலோ வந்தால் தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்காதீர்கள். ரத்தக்கொதிப்பாக இருக்கலாம், பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை வரும். புதுச்சேரி எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி மகளிர் மருத்துவமனைக்கோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ அந்த ராத்திரியே கிளம்புங்கள்.