மர மில்லுக்கு புதுசா வேலைக்கு போற தம்பிங்களுக்கு

எங்க சித்தி மகனுக்கு 18 முடிஞ்சு ரெண்டு மாசம்தான் ஆகுது, யாங்கூன்ல ஹ்லைங்தாயா பக்கம் கதவு ஜன்னல் செய்ற பட்டறைல சேர்ந்திருக்கான். முந்தா நாள் ராத்திரி வந்து "அண்ணே நாளைக்கு என்ன எடுத்துட்டு போகணும்"னு கேட்டான், டிபன் பாக்ஸ் மாதிரி நெனச்சு கேட்டான் பாவம். அவன்ட்ட உக்காந்து சொன்னத இங்கயும் எழுதி வைக்கிறேன். 2014 ஏப்ரல்ல இருந்து பர்மா தேக்க முழு மரமா வெளிநாட்டுக்கு அனுப்ப கூடாதுனு ஆயிருச்சு, அறுத்து இழைச்சுதான் அனுப்பணும், அதனால ரம்பம் முன்னாடி நிக்கிற வேலை நம்ம பசங்களுக்கு எப்பவும் இருக்கும்.

மொதல்ல லுங்கி. எல்லாரும் கட்டுறாங்கதான், வயசான ஸயா (வேலை சொல்லி குடுக்குற மேஸ்திரி) கூட லுங்கியோட மெசின்ல நிப்பாரு, அத பாத்து நீங்க கட்டாதீங்க. பெல்ட் ஓடுற இடத்துல, சுத்துற ஷாஃப்ட்ல துணி முனை மாட்டுச்சுனா நீங்க இழுக்குறதுக்குள்ள அது உங்கள இழுத்துரும். பேண்ட் போடுங்க, சட்டைய உள்ள விடுங்க, முழுக்கை சட்டையா இருந்தா முழங்கைக்கு மேல இறுக்கி மடிச்சுக்கங்க. கழுத்துல கைல கட்டுன மந்திரிச்ச கயிறு, செயின், மோதிரம் எல்லாத்தயும் கழட்டி பைல வைங்க, சாமி கோவிச்சுக்காது. செருப்பு வேணாம், ஷூ. அப்புறம் நெறைய பேர் தப்பா நெனைக்கிற ஒன்னு: துணி கையுறை கைய காப்பாத்தும்னு. கட்டை தூக்கும்போது, லாரில ஏத்தும்போது போடுங்க, சிலாம்பு குத்தாது. ஆனா பிளேடு சுத்துற மெசின் பக்கத்துல கையுறை போட்டா அந்த நூல பல்லு புடிச்சு கையோட உள்ள இழுத்துரும். அங்க வெறுங்கைதான்.

இப்ப கரண்டு. நம்ம ஊர்ல கரண்டு எப்ப போகும் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, அதுனால இத நல்லா கேட்டுக்கங்க. எனக்கு அப்ப 19 வயசு. வட்ட ரம்பத்துல பலகை கிழிச்சுட்டு இருக்கேன், பாதில கரண்டு போயிருச்சு, பிளேடு மெதுவா நின்னுச்சு. பிளேடுக்கும் டேபிளுக்கும் நடுவுல ஒரு சின்ன சிலாம்பு சிக்கி இருந்துச்சு, சரி சும்மாதான இருக்கோம் எடுத்துரலாம்னு விரல விட்டேன். ஸ்விட்ச நிறுத்தல. வெளிய தெருவுல சின்ன பசங்க "மீ லா பீ", அதான் கரண்டு வந்துருச்சுனு கத்துனது காதுல விழுந்துச்சு, அதே நேரத்துல பிளேடு சுத்த ஆரம்பிச்சுருச்சு. இடது கை ஆள்காட்டி விரல்ல நகத்தோட முனை போச்சு. ஒரு நொடி முன்ன பின்ன ஆயிருந்தா நாலு விரல். இன்னைக்கும் தெருவுல யாராச்சும் மீ லா பீனு கத்துனா என் கை தானா பாக்கெட்டுக்குள்ள போயிரும், வீட்ல சிரிக்கிறாங்க.

அதுனால கரண்டு போன உடனே செய்ய வேண்டிய மொத வேலை ஸ்விட்ச நிறுத்துறது, அப்புறம்தான் டீ, அப்புறம்தான் போன். ஜெனரேட்டருக்கு மாத்தும்போதும் இதே கததான். சிக்குனத எடுக்கணும், பிளேடு மாத்தணும், கீழ தூள் அள்ளணும்னா ஸ்விட்ச் மட்டும் பத்தாது, பிளக்க புடுங்கி உங்க கண்ணு முன்னாடி வச்சுக்கங்க. மெயின்ல இருந்து வர்ற பெரிய மெசின்னா மெயின இறக்கிட்டு, முடிஞ்சா பூட்டு போட்டு சாவிய உங்க பாக்கெட்ல வைங்க. கரண்டு போனா தானா ஆஃப் ஆகி, திரும்ப வந்தாலும் பச்ச பட்டன அமுக்குனாதான் ஓடுற மாதிரி ஸ்டார்ட்டர் இருக்கு, மேக்னட்டிக் ஸ்டார்ட்டர்னு கேட்டா கடைல குடுப்பாங்க. உங்க மெசின்ல அது இருக்கானு மொத நாளே எலக்ட்ரீசியன்ட்ட கேளுங்க.

ரம்பத்துல நிக்கிறது எப்படினு பாப்போம். 10 இஞ்ச் பிளேடு நிமிசத்துக்கு 4000 சுத்து சுத்துச்சுனா அதோட பல்லு மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்துல போகுது, மாண்டலே போற எக்ஸ்பிரஸ் பஸ்ஸ விட வேகம். பலகைய அது புடிச்சா உங்க பக்கம் திருப்பி அடிக்கும், கிக்பேக்னு சொல்வாங்க. வெட்டுன எடம் பின்னாடி சுருங்கி பிளேட கவ்வும்போதும், பலகை கோணலா திரும்பும்போதும்தான் பெரும்பாலும் இது நடக்குது. பிளேடுக்கு பின்னாடி ஒரு சின்ன தகடு நிக்குமே, அது அந்த வெட்டு மூடாம இருக்கத்தான், எடைஞ்சலா இருக்குனு கழட்டி போட்டுறாதீங்க. பிளேடுக்கு நேரா நிக்காம கொஞ்சம் சைடுல நில்லுங்க. பிளேடு மரத்துக்கு மேல கால் இஞ்ச் தெரிஞ்சா போதும். கடைசி ஒரு சாண் தூரத்துக்கு கைய கொண்டு போகாதீங்க, தள்ளு கட்டை வச்சு தள்ளுங்க, அத நீங்களே துண்டு பலகைல ஒரு நுனில வாய் வெட்டி அஞ்சு நிமிசத்துல செஞ்சுக்கலாம். தேக்குல மணல் மாதிரி சிலிக்கா இருக்கு, பிளேடு சீக்கிரம் மழுங்கும், மழுங்குன பிளேடுல பலம் போட்டு தள்ளும்போதுதான் கை வழுக்கும், அதனால மரம் கருகுற வாசம் வந்தா தள்றத நிறுத்திட்டு பிளேட மாத்த சொல்லுங்க.

இங்கதான் சிக்கல். சொல்லணும்ல? நம்ம பசங்க சொல்ல மாட்டாங்க. பர்மாக்காரங்க சொல்ற ஆனாதே, அதான் அடுத்தவங்களுக்கு சங்கடம் குடுக்க கூடாதுங்குற கூச்சம், நம்மளுக்கும் நல்லா ஊறிப்போச்சு, ஸயாவ போய் தொந்தரவு பண்ணணுமா, புதுசா வந்தவன் இது கூட தெரியலனு நெனப்பாரோனு தெரியாத மெசின்ல கைய வச்சிருவோம். எங்க மில்லுல அடிபட்டவங்கள யோசிச்சு பாத்தா பாதி பேர் வேலை தெரியாம அடிபடல, கேக்க கூச்சப்பட்டு அடிபட்டாங்க. கேக்குறதுக்கு ஒரு வழி சொல்றேன், "ஸயா, ஒரு தடவ நீங்க ஓட்டி காட்டுங்க, நான் பாத்துக்குறேன்"னு சொல்லுங்க. எந்த ஸயாவும் இதுக்கு கோவப்பட மாட்டாரு, உள்ளுக்குள்ள சந்தோசம்தான் படுவாரு. ரெண்டாவது தடவ நீங்க ஓட்டும்போது அவர பக்கத்துல நிக்க சொல்லுங்க. சட்டமும் உங்க பக்கம்தான்: 14 வயசு ஆகாத பிள்ளைய ஃபேக்டரில சேக்கவே கூடாது, 16 ஆகலனா ஒரு நாளைக்கு 4 மணி நேரம்தான், 2019ல தொழில் பாதுகாப்புக்குனே தனி சட்டமும் வந்திருக்கு. தம்பிய கூட்டிட்டு போய் மில்லுல விடுற அண்ணன்மாரும் இத படிங்க.

தூள் விசயம். மரத்தூள் மூக்குல புற்றுநோய் வர வைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே சொல்லியிருக்கு, சும்மா தும்மல்தானனு விடாதீங்க. தேக்கு தூள் சிலருக்கு ஒத்துக்காது, கழுத்து, முழங்கை மடிப்புல சிவந்து அரிக்கும், முகத்துல தனகா மரப்பட்டைய அரைச்சு பூசுனா இது நிக்காது. அரிச்சா சொறியாம கழுவுங்க, வீட்டுக்கு போன உடனே குளிச்சுட்டு அப்புறம் பிள்ளைய தூக்குங்க. வெத்தல போட்டுட்டு மாஸ்க் போட முடியாது, அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ கழட்டி துப்பிட்டு இருப்பீங்க, அதுக்கு போடாமயே இருக்கலாம், ரெண்டுல ஒன்ன விடுங்க. துணி மேல இருக்குற தூள காத்து பைப் வச்சு ஊதாதீங்க, கண்ணுக்குள்ளயும் நெஞ்சுக்குள்ளயும்தான் போகும்.

காதுக்கு அடைப்பான் வாங்குங்க. ரம்ப சத்தம் 100 டெசிபல் வரைக்கும் போகும், அந்த சத்தத்துல ஒரு நாளைக்கு 15 நிமிசத்துக்கு மேல வெறுங்காதோட நிக்க கூடாதுனு கணக்கு. பாலிஷ் ரூம்ல சுருட்டு வேணாம், எண்ணெ துடைச்ச துணிய சுருட்டி மூலைல போடாதீங்க, ஆளி விதை எண்ணெ பட்ட துணி தானாவே சூடேறி பத்திக்கும், விரிச்சு காயப்போடுங்க, இல்லனா மூடி போட்ட தகர டப்பால தண்ணி ஊத்தி போடுங்க.

இவ்வளவுக்கும் மேல விரல் போச்சுனா: மொதல்ல சுத்தமான துணிய வச்சு காயத்த அழுத்தி புடிச்சு கைய நெஞ்சுக்கு மேல தூக்குங்க, காப்பி தூள், மரத்தூள், சுண்ணாம்பு எதயும் வைக்காதீங்க. வெட்டுப்பட்ட துண்ட தேடி எடுத்து, ஈரத்துணில சுத்தி, பிளாஸ்டிக் பைல போட்டு கட்டி, அந்த பைய ஐஸ் தண்ணில வைங்க. ஐஸ்ல நேரா வச்சா சதை செத்துரும். ஆளோடவே அதயும் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க, லேட் பண்ணாதீங்க.

முதலுதவி பெட்டி எங்க தொங்குதுனு மொத நாளே கேட்டு, தொறந்தும் பாருங்க. எனக்கு விரல் போன அன்னைக்கு எங்க மில்லு பெட்டிய தொறந்தாங்க, உள்ள ரெண்டு பொட்டலம் வெத்தலயும் யாரோ ஒருத்தரோட லாட்டரி சீட்டும் இருந்துச்சு.